ஓய்வா, உடற்பயிற்சியா? நாட்பட்ட இடுப்புவலிச் சிகிச்சையின் வரலாறு

அலுவலகத்தில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோர் பலரைத் துன்புறுத்துவது இடுப்புவலி. 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்பர். இன்று இதற்கு உடற்பயிற்சி முக்கியமான சிகிச்சைகளுள் ஒன்று. ஆனால் நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் சொல்லிவந்த அறிவுரை இதற்கு நேர்மாறானது: படுத்திருங்கள், அசையாதீர்கள். அந்த அறிவுரை எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தர்களின் நோய்

தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப்படுபவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி. தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய அவரது நூல் 1700-இல் வெளிவந்தது. உட்கார்ந்தே வேலை செய்யும் தையற்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் கூன் விழுந்து போவதை அதில் குறித்தார். விடுமுறை நாள்களிலாவது உடலை அசைத்துப் பயிற்சி செய்யுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து. 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பதே அவர்களது நோய்களுக்கு ஒரு காரணம் என்றார்.

1813-இல் ஸ்டாக்ஹோமில் பேர் ஹென்ரிக் லிங் உடற்பயிற்சிக் கல்வி நிறுவனத்தை நிறுவினார். அதே நகரில் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 1865-இல் இயந்திரங்களின் உதவியுடன் பயிற்சி தரும் நிலையத்தைத் தொடங்கினார். அலுவலக வாழ்க்கையின் கேடுகளைத் தடுக்கும் வழியாகவே அவர் தம் இயந்திரங்களை முன்வைத்தார்.

ஓய்வின் காலம்

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் அலை எழுந்தது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1863-இல் ஓய்வின் குணப்படுத்தும் ஆற்றலைப் பற்றி நூல் எழுதினார். எலும்பு முறிவுக்குப் பொருந்திய இக்கருத்து முதுகுவலிக்கும் பரவியது.

1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி உண்டாகலாம் என்பதை அது காட்டியது. இது பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் சாதாரண இடுப்புவலிக்கும் ‘டிஸ்க் நழுவியதே’ காரணம் என்ற அச்சம் மக்களிடையே வேரூன்றியது. முதுகு எளிதில் உடைந்துபோகும் பொருள் என்ற எண்ணம் வந்தபின் யார்தான் அசைவார்கள்?

வளைவதா, நிமிர்வதா?

1937-இல் அமெரிக்க மருத்துவர் பால் வில்லியம்ஸ் முதுகை முன்னோக்கி வளைக்கும் பயிற்சிகளை வெளியிட்டார். பின்னர் நியூசிலாந்தின் பிசியோதெரபி நிபுணர் ராபின் மெக்கென்சி, பெரும்பாலும் முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சிகளால் புகழ்பெற்றார். அவரது முறையை விளக்கும் நூல் 1981-இல் வந்தது. எதிரெதிரான இரண்டு முறைகளாலும் பலர் பயன் பெற்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் நியூயார்க்கில் பணியாற்றியவர் ஹான்ஸ் கிராஸ். ஆஸ்திரியாவிலிருந்து வந்த மருத்துவர், மலையேற்ற வீரர். தசைகள் பலவீனமாகவும் இறுக்கமாகவும் இருப்பதே பலரது முதுகுவலிக்குக் காரணம் என்பது அவர் கருத்து. பலமுறை அறுவை சிகிச்சை செய்தும் முதுகுவலி தீராத அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு, 1961 முதல் அவர் பயிற்சி அளித்தார். அதே ஆண்டில், உடல் இயக்கக் குறைவால் வரும் நோய்களைப் பற்றி இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து நூலும் எழுதினார்.

சோதனைக்கு உள்ளான படுக்கை ஓய்வு

1986-இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு 2 நாள், மறு பிரிவினருக்கு 7 நாள் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்டது. குணமானதில் வேறுபாடு இல்லை. ஆனால் 2 நாள் பிரிவினர் வேலைக்குப் போகாத நாள்கள் 45% குறைவாக இருந்தன.

1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவான விடை தந்தது. புதிதாக வலி வந்தவர்களுள், இயன்ற அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். படுத்திருந்தவர்கள் தேறத்தான் மிகவும் தாமதமாயிற்று. பயிற்சி செய்தவர்களைவிடவும் வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே முன்னே நின்றனர். ஆகவே, புதிய வலி வேறு, நாட்பட்ட வலி வேறு. பயிற்சிச் சிகிச்சையின் உண்மையான களம் நாட்பட்ட வலியே.

எந்தப் பயிற்சி சிறந்தது?

யோகாவும் ஆய்வுக்கு வந்தது. சென்னையைச் சேர்ந்த டி.கே.வி. தேசிகாசாரின் வழியில் மேலைநாடுகளில் பரவிய ‘வினியோகா’ முறையை, 2005-இல் சியாட்டில் நகரில் 101 பேரிடம் சோதித்தனர். 12 வார முடிவில், தன்னுதவி நூல் மட்டும் பெற்றவர்களைவிட யோகா செய்தவர்கள் நன்கு தேறியிருந்தனர். 2011-இல் 228 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வில், யோகாவும் தசைகளை நீட்டும் சாதாரணப் பயிற்சியும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன.

2021-இல் காக்ரேன் அமைப்பு 249 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டது. சிகிச்சை பெறாதவர்களுடனோ வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுடனோ ஒப்பிட்டபோது, பயிற்சி செய்தவர்களின் வலி 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 15 புள்ளி குறைந்திருந்தது. இது மாயமருந்து அன்று. ஆயினும் நாட்பட்ட வலியில் மதிப்புள்ள முன்னேற்றம். 2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், முறையாகத் திட்டமிட்ட உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன.

வரலாறு தரும் பாடம்

வளைவது, நிமிர்வது, ஆசனம் எனப் பயிற்சிகளின் பெயர்கள் மாறிவந்துள்ளன. பெயரைவிட, ஒருவர் அதை விடாமல் செய்கிறாரா என்பதே முக்கியம். கால் மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல், சிறுநீர், மலம் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் எடை குறைதல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். இவை இல்லாத நாட்பட்ட வலியில், நடையானாலும் யோகாவானாலும் தமக்குப் பிடித்த பயிற்சியை மெல்லத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். தொடக்கத்தில் சற்று வலித்தால் முதுகு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. இந்த அச்சத்தால் படுத்துவிடுபவர்கள் வலியோடு வேலையையும் தன்னம்பிக்கையையும் இழக்க நேர்கிறது. ராமாசினி எழுத்தர்களுக்காகக் கவலைப்பட்டு முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இறகுப் பேனாவின் இடத்தில் கணினி வந்துவிட்டது; நாற்காலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.