டிஜிட்டல் தூரிகை

மயிரும் வண்ணக்குழம்பும் இல்லாமல் கணினித் திரையில் தீட்டுவதற்கான மென்பொருள் கருவி. பேனா போகும் வழியெல்லாம் ஒரு சிறு கறுப்பு வெள்ளைப் படத்தை முத்திரை போல அடுத்தடுத்துக் குத்திக்கொண்டே போவதுதான் இதன் வேலை. முத்திரைகள் நெருங்கினால் கோடு வழுவழுப்பாக ஓடும். விலகினால் மணிமணியாகப் பிரியும். இதன்மேல் தாளின் அல்லது துணியின் சொரசொரப்பைப் போர்த்தும்போது ஓவியத்துக்கு இழைநயம் வருகிறது.

பழந்தமிழில் தூரிகைக்குத் துகிலிகை, வட்டிகை என்றெல்லாம் பெயர். இலங்கையில் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை எழுதிவைத்தவர் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளியான அவரது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூல், கண்டிய ஓவியர்கள் ‘தெலிதண’ என்ற புல்லின் கூர்முனைகளைச் சேர்த்துக் கட்டித் தூரிகை செய்ததைச் சொல்கிறது. பெரிய பரப்புக்குத் தாழை வேரை நைத்து எடுத்தார்கள். நுண்ணிய கோட்டுக்கு அணில் மயிர். வேலைக்கு ஏற்ற முனையைத் தேடுவது கணினியோடு வந்த பழக்கமில்லை.

வண்ணங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்குவதற்கும் பழைய இலக்கணம் உண்டு. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி நிழலிடும் முறைகளை மூன்றாகப் பிரிக்கிறது: இலை நரம்புபோல் குறுக்குக் கோடுகள், மிக மெல்லிய கோடுகள், புள்ளிகள். மூன்றிலும் ஈர வண்ணத்தைத் தேய்த்துக் குழப்பும் வேலை இல்லை. தனித்தனிக் குறிகளை அருகருகே வைக்கிறார்கள். கலந்து பார்ப்பது கண். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணினித் தூரிகையின் கதையில் 1973 முக்கியமான ஆண்டு. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் ‘சூப்பர்பெயிண்ட்’ அமைப்பில் முதல் படங்களை உருவாக்கினார். 1984இல் மெக்கின்டோஷ் கணினியோடு வந்த ‘மேக்பெயிண்ட்’ கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே அறிந்தது. 1986இல் ஸ்டீவ் ஸ்ட்ராஸ்மன் ஜப்பானிய மைத்தூரிகையைப் பின்பற்றி, ஒவ்வொரு மயிருக்கும் தனித்தனியே மை அளவு கணக்கிடும் முறையை வெளியிட்டார். மை தீரத் தீரக் கோடு வறண்டு கீறலாக முடிந்தது. என் கணக்கில் டிஜிட்டல் ஓவியத்தில் இழைநயம் பிறந்தது அங்கேதான்.

அதைக் கடைக்குக் கொண்டுவந்தது 1991இன் ‘பெயிண்டர்’. மார்க் சிம்மரும் டாம் ஹெட்ஜஸும் எழுதிய இந்த மென்பொருளைப் பெயிண்ட் டின்னிலேயே அடைத்து விற்றார்கள். திரையில் தாளுக்கு மேடு பள்ளம் இருந்தது. சுண்ணக்கட்டி மேட்டில் மட்டும் பிடித்தது. ஃபோட்டோஷாப்புக்கு இழைநயமும் இரட்டை முனையும் 2002இன் ஏழாம் பதிப்பில் கிடைத்தன, மயிர்முனையும் கலவைத் தூரிகையும் 2010இல்.

கலவைதான் கடைசிவரை தொல்லை கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. கணினியிலோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்ணினால் நீலம் என்பது 0, 0, 255. மஞ்சள் என்பது 255, 255, 0. இரண்டின் சராசரி மூன்று இடத்திலும் ஏறத்தாழ 128, அதாவது சாம்பல். கலக்கக் கலக்க ஓவியம் அழுக்காவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. வரைபவரின் கை அல்ல. நிறமி ஒளியை எப்படி உறிஞ்சுகிறது, எப்படிச் சிதறடிக்கிறது என்ற சமன்பாட்டைக் குபெல்கா, முங்க் இருவரும் 1931இலேயே தந்திருந்தாலும், அதைத் தூரிகையின் வேகத்துக்கு இறக்கிய ‘மிக்ஸ்பாக்ஸ்’ முறையைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது 2021இல்தான். ‘ரெபெல்’ மென்பொருளில் இன்று நீலமும் மஞ்சளும் பச்சையே தருகின்றன.

இனித் தூரிகைத் தேர்வு பற்றி. ஆயிரம் பிரஷ் கொண்ட தொகுப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை இறக்கிக் குவிப்பது பெரும்பாலும் வரைவதைத் தள்ளிப்போடும் வழி. அகன்ற வறண்ட முனை ஒன்று, அழுத்தத்துக்கு ஏற்ப ஃப்ளோ (வண்ணம் வெளிவரும் அளவு) மாறும் சுண்ணக்கட்டி ஒன்று, விளிம்பு வெட்டக் கடினமான முனை ஒன்று என மூன்று போதும். பெரிய முனையில் தொடங்கிச் சிறியதில் முடிக்க வேண்டும். சொரசொரப்பின் அளவை ஓவியம் முழுதும் மாற்றாமல் வைத்தால் கருங்கல்லும் கன்னமும் ஒரே தோலாகிவிடும்; ஒளி விழும் இடத்தில் கூட்டி, நிழலில் அடக்குவதே வழக்கம். முந்நூறு டிபிஐயில் ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல். அந்த அளவில் முழுப்படமாகப் பார்த்துத் தீர்மானியுங்கள், பெரிதாக்கிய துண்டில் அல்ல.

பழகுபவர்கள் அதிகம் கெடுப்பது ஸ்மட்ஜ் கருவியால். அது தேய்க்கும்போது கட்டியெழுப்பிய சொரசொரப்பு முழுதும் கரைந்து பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடும். மாறாக, இரு வண்ணங்களும் சந்திக்கும் இடத்தில் இடைநிறத்தைத் தொட்டு எடுத்து, அதே வறண்ட பிரஷால் ஃப்ளோவைக் குறைத்துச் சின்னச் சின்னக் குறிகளாக வையுங்கள். சித்திரசூத்திரம் சொன்ன புள்ளிமுறை இதுதான்.

கருவித் தேர்வில் செலவும் ஒரு காரணி. மாதச் சந்தா டொலரில் கட்ட வேண்டிய மென்பொருள்கள் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கையில் பலருக்கு எட்டாக்கனி. ‘க்ரிதா’ இலவசம், மேலே சொன்ன மூன்று பிரஷுக்கும் ஈடானவை அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

மிச்சமிருப்பது கண்ணைப் பழக்குவது. கொழும்பில் 1943இல் உருவான ‘43 குழு’வின் ஜஸ்டின் தரணியகல வண்ணத்தைத் தடிப்பாக அப்பியவர், அதே குழுவின் ஜார்ஜ் கீட், பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் 1939, 1940 ஆண்டுகளில் பெரும்பாலும் கோட்டை நம்பியே தீட்டினார். ஒன்று இழைநயம், மற்றது அதன் துறப்பு. குழுவின் ஓவியங்கள் அதன் உறுப்பினர் ஹரி பீரிஸ் வாழ்ந்த கொழும்பு பான்ஸ் பிளேஸ் வீட்டில், சபுமல் மன்றத்தில் இருக்கின்றன. அடுத்த பிரஷ் தொகுப்பை இறக்குமுன் ஒருமுறை அங்கே போய், தரணியகலவின் படத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.