விமானப் பராமரிப்பில் நேர நெருக்கடியும் மனிதத் தவறும்

விமானம் புறப்படும் நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டிய அவசரத்தில் பராமரிப்புப் பணியாளர்களிடம் நேரும் பிழை, மறதி, விடுபடல் ஆகியவற்றை இத்தலைப்பு குறிக்கிறது.

இந்தியாவில் விமானப் பராமரிப்புத் தொழிலின் தாய்வீடுகளுள் ஒன்று பெங்களூரு. வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு 1940இல் இங்கே தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943இல் அமெரிக்க ராணுவ விமானப்படையின் பொறுப்புக்குச் சென்றது. போர்முனைக்கு உடனே திரும்ப வேண்டிய விமானங்களை இரண்டாம் உலகப்போர் முடியும்வரை செப்பனிட்டுத் தந்தது. அந்த அவசரம் இன்றும் தொடர்கிறது: பயணிகள் விமானங்களுக்கான பல சோதனைகள் இரவில்தான் நடக்கின்றன. உடல் உறக்கத்தைக் கேட்கும் விடியற்காலையில், முதல் பயணத்துக்கு விமானம் தயாராக வேண்டும்.

இத்தகைய இரவுப் பணியின் விளைவை உலகுக்கு உணர்த்தியது 1990 ஜூன் 10 அன்று நேர்ந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமான விபத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இரவுப் பணியில் அவ்விமானத்தின் விமானி அறையின் முன்கண்ணாடியை மாற்றியபோது, பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண் அளவிலேயே புதியவை எடுக்கப்பட்டன. 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை. ஏறத்தாழ 17,000 அடி உயரத்தில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். அனைவரும் உயிர்பிழைத்தனர்.

கனடாவின் கார்டன் டுபான்ட் 1990களில் தொகுத்த பராமரிப்புத் தவறுகளின் 12 காரணங்களில் நேர நெருக்கடி, களைப்பு, தகவல் பரிமாற்றக் குறை மூன்றும் உண்டு. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளும் பராமரிப்பு நிறுவனப் பணியாளர்களுக்கு மனிதக் காரணிகள் பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளன.