வடித்த நீரிலிருந்து அளந்த நீருக்கு: பாஸ்மதிச் சோறு வேகும் வரலாறு

பாஸ்மதிச் சோறு நன்றாக வெந்திருக்கிறதா என்பதை இரண்டு அடையாளங்களைக் கொண்டே வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் முடிவு செய்கிறார்கள்: பருக்கை தடிக்காமல் நீளவாக்கில் வளர்ந்திருக்க வேண்டும், ஒரு பருக்கை மற்றொன்றோடு ஒட்டாமல் பொலபொலவென உதிர வேண்டும். இவ்விரண்டும் அரிசியின் இயல்பைப் பொறுத்தவை என்றாலும், அந்த இயல்பைக் காப்பதும் கெடுப்பதும் உலைநீரே ஆகையால், உதிரிச் சோற்றின் வரலாறு என்பது பெரும்பாலும் நீரைக் கையாண்ட வரலாறுதான். மிகுதியான நீரில் அரிசியை வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடுவது ஒரு முறை. அரிசி குடிக்கும் அளவுக்கே நீர் வைத்து அதை முழுவதும் வற்றவிடுவது மற்றொரு முறை. மின்சார பிரஷர் குக்கர் இரண்டாவது முறையின் வழியில் வந்தது, ஆயினும் முதல் முறையில் தேர்ந்த அரண்மனைச் சமையற்காரர்கள் கண்டறிந்த ஓர் உத்தியையும் அது தன்னுள் வைத்திருக்கிறது.

அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இரு கூறுகள் உள்ளன. நேரான நீண்ட சங்கிலியாக அமைந்த அமைலோஸ் மிகுந்த அரிசி வெந்தபின் தனித்தனியாக நிற்கும், கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் மிகுந்த அரிசி பசைபோல ஒட்டும். பாஸ்மதியின் அமைலோஸ் அளவு 20 முதல் 25 விழுக்காடு வரை என்பதால், அது உதிரியாகவும் இருக்கும், ஆறியபின் விறைத்தும் போகாது. அறுவடை செய்த அரிசியை ஓராண்டோ அதற்கு மேலோ வைத்திருந்து பழைய அரிசியாகப் பயன்படுத்துவதும் இதற்காகவே: நாள்பட்ட அரிசியின் புறப்பகுதி இறுகி, கரைந்து வெளியேறும் மாவு குறைகிறது. வேகும்போது எழும் மணத்திற்குக் காரணமான 2-அசெட்டைல்-1-பைரோலின் என்னும் சேர்மத்தை அமெரிக்க வேதியியலாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் இனங்கண்டனர்; எளிதில் ஆவியாகும் இச்சேர்மம் திறந்த பானையில் நெடுநேரம் கொதிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துவிடும் என்பதை, மூடிய கலத்தின் கதைக்கு வரும்போது நினைவிற்கொள்ள வேண்டும்.

முகலாயப் பேரரசர் அக்பரின் ஆட்சி பற்றி அபுல் ஃபஸல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அயினி அக்பரி, அரண்மனைச் சமையலறைக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, உணவுகளை இறைச்சி சேராதவை, இறைச்சியும் அரிசியும் சேர்ந்தவை, மசாலாக்களோடு சமைத்த இறைச்சி என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள்களின் நிறையைக் கொடுக்கிறது. மஞ்சள் நிறமுள்ள இனிப்புச் சோறான ஸர்த் பிரிஞ்சுக்கு 10 சேர் அரிசி, 5 சேர் கற்கண்டு, மூன்றரை சேர் நெய், அவற்றோடு திராட்சையும் பாதாமும் பிஸ்தாவும் குங்குமப்பூவும் என்று பட்டியல் போகிறது. வெறும் வெள்ளைச் சோறான குஷ்காவுக்கு 10 சேர் அரிசியும் அரை சேர் உப்பும் சொல்லப்படுகின்றன. ஒரு மணங்கு, அதாவது 40 சேர், தேவ்ஸீரா நெல் குத்தினால் 25 சேர் அரிசி கிடைக்கும் என்பதும், அதில் 17 சேர் ஒரு முழுப் பானைக்குப் போதும் என்பதும்கூட எழுதப்பட்டுள்ளன. இவ்வளவு நுணுக்கமாக நிறுத்து எழுதிய நூலில் நீரின் அளவு மட்டும் இல்லை. அதை அபுல் ஃபஸலின் மறதி என்று கொள்ள இடமில்லை. நீர் அக்காலத்தில் அளக்கும் பொருளாகவே கருதப்படவில்லை, ஒரு பருக்கையை விரலிடையில் நசுக்கிப் பதம் பார்த்து, நடுவில் ஊசிமுனை அளவு வேகாத வெண்மை எஞ்சியிருக்கும் கணத்தில் உலையை இறக்கத் தெரிந்தவருக்கு அந்த அளவு தேவைப்படவும் இல்லை. சமையல் வரலாற்றை எழுதுவோர் மசாலாக்களுக்குத் தரும் இடத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இந்த எழுதப்படாத நீருக்குத் தந்திருந்தால், சோறு பற்றி நாம் இன்னும் எவ்வளவோ அறிந்திருப்போம்.

இறக்கி வடித்த அரைவேக்காட்டு அரிசியை நெய் தடவிய கலத்தில் மீண்டும் இட்டு, மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்து, மேலும் கீழும் தணல் வைத்துத் தன் நீராவியிலேயே முழுதும் வேகவிடுவது தம் எனப்படும். ஈரானின் செலோ என்னும் சோறும் இதே ஒழுங்கில்தான் செய்யப்படுகிறது: ஊறவைத்தல், கொதிநீரில் முக்கால் பதம் வேகவைத்தல், வடித்தல், மூடியில் துணி சுற்றிப் புழுங்கவிடுதல். துணி சுற்றுவதன் காரணம் எளிது. மூடியில் படியும் நீராவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகச் சோற்றின்மேல் விழுந்தால் மேற்பரப்பு குழைந்துவிடும். துணி அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வடித்தல் ஒட்டும் மாவைக் கஞ்சியோடு வெளியேற்றுகிறது, தம் பருக்கையினுள் இருக்கும் ஈரத்தைச் சமமாகப் பரப்புகிறது என்று இரு படிகளின் பணியையும் பிரித்துக் காணலாம். இரண்டாவது படியே பின்னாளில் பொறிக்குள் புகுந்தது.

பாஸ்மதி என்னும் பெயர் பஞ்சாபிக் கவிஞர் வாரிஸ் ஷா 1766-இல் இயற்றிய ஹீர் காவியத்திலேயே வருகிறது என்றாலும், இன்று கடைகளில் கிடைக்கும் அரிசியின் வம்சாவளி 20-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. லாகூருக்கு அருகிலுள்ள காலா ஷா காக்கு என்னும் ஊரில் 1926-இல் நிறுவப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1933-இல் பாஸ்மதி 370 வெளிவந்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் இரு நாடுகளும் அந்த ஒரே மூலத்திலிருந்து தத்தம் வகைகளை உருவாக்கின. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1989-இல் குட்டையான தண்டுடைய பூசா பாஸ்மதி 1 என்னும் வகையையும், 2003-இல் பூசா 1121 என்னும் வகையையும் வெளியிட்டது. இந்த 1121-இன் அரிசி 8 மில்லிமீட்டருக்கும் மேல் நீளமுடையது, வெந்தபின் 20 மில்லிமீட்டரை எட்டக்கூடியது. நீளம் கூடக்கூட முறியும் வாய்ப்பும் கூடும் என்பதால், புதிய வகைகள் சமைப்பவரிடம் பழைய வகைகளைவிடக் கூடுதலான பக்குவத்தைக் கேட்டன; இதே காலத்தில்தான் அடுப்படிகளிலும் கலங்கள் மாறிக்கொண்டிருந்தன.

அழுத்தத்தில் சமைக்கும் கலத்தை முதலில் செய்தவர் பிரான்சில் பிறந்து லண்டனில் ராபர்ட் பாயிலிடம் உதவியாளராக இருந்த தெனி பாப்பன். அவர் 1679-இல் ராயல் சொசைட்டியில் காட்டிய இரும்புக் கலம் எலும்பையும் மென்மையாக்கியது. கலம் வெடிக்காமலிருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வு பின்னர் நீராவி எந்திரங்களுக்கும் பயன்பட்டது. நீராவி வெளியேற வழியில்லாதபோது கலத்தினுள் அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறும்போது நீரின் கொதிநிலையும் ஏறுகிறது. இந்தக் கோட்பாடு வீட்டுச் சமையலறையை அடைய இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் பிரெஸ்டோ குக்கர் 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

இந்தியாவில் குக்கர் என்னும் சொல் அழுத்தக் கலத்துக்கு முன்பே வழக்கில் வந்துவிட்டது. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910-இல் உருவாக்கிய இக்மிக் குக்கரில், டிபன் கேரியர் போன்ற அடுக்குப் பாத்திரங்கள் ஓர் உயரமான உருளைக்குள் நிற்க, அடியில் கரியடுப்பு எரிய, சோறும் பருப்பும் காய்கறியும் நீராவியில் ஒன்றாக வெந்தன. தமிழ்நாட்டு வீடுகளில் ருக்மணி குக்கர் இதே கோட்பாட்டில் இயங்கியது. இந்த அடுக்குக் குக்கர்கள் செய்த பெரிய மாற்றம் விறகு மிச்சத்தைவிட ஆழமானது: நெருப்பு மூட்டியபின் பாத்திரத்தைத் திறந்து பார்க்க முடியாது என்பதால், நீரை முன்கூட்டியே அளந்து வைக்கும் கட்டாயம் முதன்முறையாக ஏற்பட்டது. பதம் பார்க்கும் விரல் இருந்த இடத்திற்கு அளவைக் கிண்ணம் வந்தது.

பம்பாயில் 1959-இல் தொடங்கப்பட்ட ஹாக்கின்ஸும், பிரிட்டனின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தோடு தொழில்நுட்ப உறவு கொண்டு டி.டி.கே. குழுமம் தயாரித்த பிரெஸ்டீஜும் அழுத்தக் குக்கரை இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தன. ஆயினும் பாஸ்மதிக்கு இந்தக் குக்கர் நல்ல நண்பனாக அமையவில்லை. ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தத்தில் உள்வெப்பம் 121 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. பருப்புக்கும் இறைச்சிக்கும் ஏற்ற அந்த வெப்பத்தில் நீண்ட மெல்லிய பருக்கை ஒரு நிமிடம் கூடினாலும் வெடித்துவிடுகிறது. வெயிட் எழும்பி விசில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளழுத்தம் சற்றே குறைய, சோறு உள்ளே குலுங்குகிறது. அடுப்பின் தழல், பாத்திரத்தின் அளவு, கேஸ்கெட்டின் வயது ஆகியவற்றுக்கேற்ப விசிலின் இடைவெளியும் மாறுகிறது. விசிலை எண்ணிச் சமைப்பது நேரத்தை அளக்கும் துல்லியமான வழி அன்று என்பதால், அன்றாடச் சோற்றைக் குக்கரில் வைத்த வீடுகள்கூட புலாவுக்கும் பிரியாணிக்கும் நெடுங்காலம் திறந்த பாத்திரத்தையே நாடின.

தானே நிற்கத் தெரிந்த கலம் ஜப்பானிலிருந்து வந்தது. தோஷிபா நிறுவனத்துக்காக யோஷிதாதா மினாமி உருவாக்கி 1955-இல் விற்பனைக்கு வந்த மின்சாரச் சோற்றுக் கலத்தில், உள்கலத்தில் அரிசியும் வெளிக்கலத்தில் குறிப்பிட்ட அளவு நீரும் இடப்பட்டன. வெளிக்கலத்து நீர் முழுதும் ஆவியானவுடன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்ட, ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்தது. நீர் இருக்கும்வரை கொதிநிலையைத் தாண்டாது என்னும் எளிய உண்மையைக் காவலாளியாக்கிய இந்த அமைப்புக்காக, மினாமியின் மனைவி ஃபுமிகோ வெவ்வேறு காலநிலைகளில் திரும்பத் திரும்பச் சோறு சமைத்துச் சோதித்துப் பார்த்தார். அவருடைய உழைப்பு கண்டுபிடிப்பின் சரிபாதி என்றே மதிக்கத்தக்கது. இக்கலம் ஜப்பானியர் உண்ணும், குச்சியால் எடுக்க ஏதுவாக ஒட்டும் குறுமணி அரிசிக்காகச் செய்யப்பட்டது. உதிரிச் சோறு அதன் வடிவமைப்பாளர்களின் நோக்கத்தில் இல்லை.

அழுத்தக் கலமும் மின்சாரக் கலமும் ஒன்றாக இணைந்தது சீனாவில். மின்சார பிரஷர் குக்கருக்கான காப்புரிமை 1991-இல் அங்கே பதிவாயிற்று. கனடாவின் ஒட்டாவாவில் ராபர்ட் வாங் தம் கூட்டாளிகளுடன் உருவாக்கி 2010-இல் வெளியிட்ட இன்ஸ்டன்ட் பாட், நுண்செயலியும் வெப்ப உணரியும் கொண்டு, புலம்பெயர்ந்த தெற்காசியக் குடும்பங்கள் உட்பட வட அமெரிக்க இல்லங்களில் பரவியது. இத்தகைய கலங்கள் அடுப்பில் வைக்கும் குக்கரைவிடக் குறைந்த அழுத்தத்தில், பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டு அளவில், இயங்குவதால் உள்வெப்பம் 115 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அழுத்தம் எட்டியபின் நீராவி வெளியேறுவதில்லை, விசிலும் இல்லை. பாஸ்மதிக்குச் சாதகமான செய்தி இதில்தான் இருக்கிறது.

திறந்த பாத்திரத்தில் ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப்பிலிருந்து இரண்டு கப் வரை நீர் வைக்கிறோம்; அதில் அரிசி குடிப்பது ஏறத்தாழ ஒரு கப்தான், மீதி ஆவியாகிப் போகிறது. ஆவியாகும் அளவு பாத்திரத்தின் வாயகலத்தையும் நேரத்தையும் பொறுத்ததே அன்றி அரிசியின் அளவைப் பொறுத்தது அன்று; எனவே நான்கு கப் அரிசிக்கு எட்டுக் கப் நீர் வைத்தால் சோறு குழைகிறது. அடைத்த கலத்தில் ஆவியிழப்பு ஏறக்குறைய இல்லாததால், கழுவிய பாஸ்மதி ஒரு கப்புக்கு ஒரு கப் நீர் என்னும் கணக்கு எந்த அளவுக்கும் பொருந்துகிறது; அரைமணி நேரம் ஊறி முன்பே நீர் குடித்த அரிசிக்கு அதனினும் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். நீர் தெளியும்வரை அரிசியைக் கழுவுவது பழைய வடித்தலின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது, ஏனெனில் அரைவையில் உடைந்து மேலே படிந்த மாவுத்தூள் அப்போதே போய்விடுகிறது. ஒரு கரண்டி நெய் நுரையை அடக்கி வால்வு அடைபடாமல் காக்கிறது; கலத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்னும் விதியும் நுரைக்கு அஞ்சியதே.

உயர் அழுத்தத்தில் பாஸ்மதி வேக நான்கு முதல் ஆறு நிமிடங்கள் போதும். அதன்பின் வால்வை உடனே திறந்தால், 100 டிகிரிக்கு மேல் சூடேறி நிற்கும் பருக்கைகளின் உள்நீர், அழுத்தம் சட்டென வீழ்வதால் அந்தக் கணமே கொதித்துப் பருக்கையைப் பிளக்கும். பத்து நிமிடம் அப்படியே விட்டால் அழுத்தம் தானாகத் தணிய, வெளிப்பகுதியில் மிகுந்திருக்கும் ஈரம் நடுவை நோக்கி நகர்ந்து, மாவுச்சத்து சற்றே இறுகி, பருக்கை முறியாமல் பிரியும் நிலையை அடைகிறது. மாவால் மூடியை அடைத்துத் தணலில் வைத்த தம் செய்த வேலையும் இதுவே. குக்கரின் சிலிகோன் வளையம் பிசைந்த மாவின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. திறந்தவுடன் கரண்டியால் அழுத்திக் கிளறாமல், முட்கரண்டியோ தட்டையான அகப்பையோ கொண்டு ஓரத்திலிருந்து மெல்லப் புரட்டினால் எஞ்சிய ஆவி வெளியேறிச் சோறு மலர்கிறது.

ஆனால் வடிக்கும் முறை காலாவதியாகிவிட்டது என்று கொள்வது தவறு. கலத்தின் ஆழம் கூடும்போது அடிச்சோறு மேற்சோற்றின் பாரத்தால் நசுங்குவதால், நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் விருந்துகளில் தேக் என்னும் பெரிய செம்பு அண்டாவில் அரிசியை வேகவைத்து வடிப்பதே இன்றும் நடக்கிறது. நலவியல் நோக்கிலும் அதற்கு ஒரு புதிய நியாயம் கிடைத்துள்ளது: நெற்பயிர் மண்ணிலிருந்தும் பாசன நீரிலிருந்தும் உறிஞ்சும் ஆர்செனிக் என்னும் நச்சுத் தனிமம் மிகுநீரில் ஓரளவு கரைந்து வெளியேறுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அரிசியை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்நீரை வடித்து, புதுநீர் சேர்த்து முழுதும் வற்றவிட்டபோது, வெள்ளை அரிசியின் ஆர்செனிக்கில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீங்கியது. முழுதும் வடிக்கும்போது பி வகை வைட்டமின்கள் பெருமளவு கஞ்சியோடு போய்விடுகின்றன. இந்த இருபடி முறையில் அந்த இழப்பு குறைவு. பாஸ்மதியில் ஆர்செனிக் பொதுவாகக் குறைவே என்றாலும், நிலத்தடி நீரில் ஆர்செனிக் மிகுந்த வட்டாரங்களின் அரிசியைச் சமைப்போர், முதல் ஐந்து நிமிடத்தைத் திறந்த பாத்திரத்திலும் எஞ்சியதை அடைத்த குக்கரிலுமாக இரண்டு முறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அரிசி முன்பே பாதி நீர் குடித்திருப்பதால், இரண்டாம் முறை வைக்கும் நீரை அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும்.