ஒற்றன் அணியும் வேடத்தின் விலை: ‘அண்டர்கவர் பிரதர்’, ‘மாட் பாண்ட்’ குறித்து ஒரு மறுவாசிப்பு

மால்கம் டி. லீ இயக்கி 2002இல் வெளிவந்த ‘அண்டர்கவர் பிரதர்’ என்னும் நகைச்சுவைப் படம், ஜேம்ஸ் பாண்ட் வழிவந்த உளவுப் படங்களையும், எழுபதுகளின் தொடக்கத்தில் கறுப்பின நாயகர்களை முன்னிறுத்திக் கறுப்பினப் பார்வையாளர்களுக்கெனக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ‘பிளாக்ஸ்பிளாய்டேஷன்’ படங்களையும் ஒருசேரப் பகடி செய்கிறது. இவ்விரு வகைகளையும் வலிந்து ஒட்டவைத்ததில் இரண்டாவதன் அரசியல் சினம் நீர்த்துப்போய், உடையும் தலைமுடியும் இசையுமாகச் சுருங்கிவிட்டது என்பது திரைப்பட ஆய்வாளருள் ஒரு சாரார் முன்வைக்கும் முடிவாகும். திரைக்கதையை ஜான் ரிட்லியுடன் சேர்ந்து எழுதிய மைக்கேல் மக்கல்லர்ஸ், பாண்ட் படங்களைப் பகடி செய்யும் ‘ஆஸ்டின் பவர்ஸ்’ வரிசையின் தொடர்ச்சிப் படங்களிலும் பங்கேற்றவர் என்பது அம்முடிவுக்குத் துணைச்சான்றாகக் காட்டப்படுகிறது. எழுத்தாளர் ஒருவரின் முந்தைய பணியைக் கொண்டு ஒரு படத்தின் பொருளைத் தீர்மானிப்பது வலுவான முறையன்று என்பதால் அச்சான்றை இங்கு மேலும் ஆராய வேண்டியதில்லை. ஆராய வேண்டியது, இரு வகைகளும் 2002இல்தான் முதன்முதலாக ஒட்டவைக்கப்பட்டன என்னும் அடிப்படை அனுமானமே.

அந்த அனுமானம் காலவரிசையோடு பொருந்தவில்லை. 1973ஆம் ஆண்டின் ஒரே கோடையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, கை ஹாமில்டன் இயக்கத்தில் ரோஜர் மூர் முதன்முறையாகப் பாண்டாக நடித்த ‘லிவ் அண்ட் லெட் டை’. மற்றொன்று, டமாரா டாப்சன் அரசின் சிறப்பு முகவராகத் தோன்றிய ‘கிளியோபாட்ரா ஜோன்ஸ்’. முன்னதில் பாண்ட் படம் ‘ஷாஃப்ட்’ (1971), ‘சூப்பர் ஃப்ளை’ (1972) ஆகியவை பழக்கப்படுத்திய நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களைக் கடன் வாங்கிக்கொண்டு கறுப்பினத்தவரை வில்லன்களாக்கியது. பின்னதில் கறுப்பினப் படம் உளவாளியின் அதிகாரத்தைக் கடன் வாங்கிக்கொண்டு ஒரு கறுப்பினப் பெண்ணை நாயகியாக்கியது. ஆகவே 2002ஆம் ஆண்டின் படம் பகடி செய்வது இரண்டு தனித்தனி வகைகளையன்று, ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒரு கொடுக்கல் வாங்கலையே என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

இவ்வாறு கொண்டால், மிகுந்த கருத்து வேறுபாட்டுக்குள்ளான ஒரு பகுதி வேறு பொருள் தருகிறது. எட்டி கிரிஃபின் ஏற்ற நாயகன், முகம் காட்டாத ‘தி மேன்’ என்பவனின் சதியை முறியடிக்க, ஆன்டன் ஜாக்சன் என்னும் பெயரில் ஒரு பெருநிறுவனத்தில் ஊழியனாக நுழைகிறான். அவனை மயக்கி வசப்படுத்த டெனிஸ் ரிச்சர்ட்ஸ் ஏற்ற பாத்திரம் அனுப்பப்படுகிறது. சிறிது சிறிதாக அவனுடைய உடையும் உணவும் பாட்டும் மாறுகின்றன. அவளோடு சேர்ந்து மேடையேறிப் பாடுமளவுக்கு அவன் தன்னை இழக்கிறான். இப்பகுதி இன அடையாளத்தை மேயனைஸுக்கும் மிளகாய்ச் சாஸுக்கும் இடைப்பட்ட சுவை வேறுபாடாகக் குறுக்கிவிட்டது என்பதே மேற்சொன்ன ஆய்வாளர்களின் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு மேலோட்டத்தில் நியாயமானதே. ஆயினும் மிளகாய்ச் சாஸ் எங்கிருந்து வருகிறது என்பது கவனிக்கப்பட வேண்டும்: அது நாயகனின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைக்கடிகாரத்திலிருந்து வருகிறது. பாண்ட் படங்களில் ஆய்வுக்கூடத்திலிருந்து வழங்கப்படும் கருவிகள் தோட்டாவிலிருந்தோ கயிற்றுக்கட்டிலிருந்தோ ஒற்றனின் உடலைக் காப்பவை. இங்கு அதே கருவி மேயனைஸ் தடவிய ஒரு சாண்ட்விச்சிலிருந்து நாயகனைக் காக்க வேண்டியிருக்கிறது. மேசையில் அவனை எதிர்கொள்ளும் ஆபத்து உபசாரத்தின் வடிவில் வருகிறது. மறுத்தால் வேடம் கலையும், ஏற்றால் ஆள் கலைவான். இக்காட்சியின் நகைச்சுவை சுவை வேறுபாட்டில் இல்லை, உளவுப் படத்தின் மரபான ஒரு கருவி இதுவரை எந்த ஆபத்தைக் கணக்கிலேயே கொள்ளவில்லை என்பதைக் காட்டுவதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஒப்பீட்டுக்கு மீண்டும் 1973ஐ நாடலாம். ‘லிவ் அண்ட் லெட் டை’யில் பாண்ட் தன் வழக்கமான மேலங்கியோடு எந்த மாற்றுவேடமும் இன்றி ஹார்லெமுக்குள் செல்கிறான், தெருவே அவனைக் கவனிக்கிறது. உணவகத்தில் அவன் அமர்ந்த இருக்கை சுவரோடு சுழன்று அவனைப் பகைவர்களிடம் சேர்க்கிறது. வெள்ளை முகத்தோடு அங்கு வந்த அறிவுடைமையைக் கறுப்பின உளவு அதிகாரி ஒருவர் குத்திக்காட்டவும் செய்கிறார். அத்தனைக்குப் பின்னும் பாண்ட் பாண்டாகவே வெளியேறுகிறான். வேடமிடாமலேயே எங்கும் நுழைந்து மாறாமலேயே திரும்பும் உரிமை ஒருவனுக்கு இருக்கிறது. ஆன்டன் ஜாக்சனுக்கோ வேடம் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. படத்தின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. நாயகனின் தங்க நிறக் கேடிலாக் கார் சுழன்று திரும்பும்போதும் கையிலிருக்கும் ஆரஞ்சுப் பானம் சிந்தாதிருக்கும் காட்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இதை வெறும் ஏக்கப் படம் என்று முடிவுகட்டுவது அவசரமாகும்.

இவ்வாசிப்புக்குத் துணைநிற்கும் மற்றொரு சான்று மலேசியாவின் ஜொகூரோடு தொடர்புடையது. மூவார் வட்டாரத்தில் பிறந்த மாட் செந்தோல், சிங்கப்பூரின் கேத்தே-கிரிஸ் படப்பிடிப்புக் கூடத்திலிருந்து 1967இல் ‘மாட் பாண்ட்’ என்னும் பாண்ட் பகடிப் படத்தை அளித்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஷா நிறுவனத்தின் மலாய்ப் படப்பிரிவு, ஜமில் சூலோங் இயக்கத்தில் ‘கெராக் கிலாட்’ படத்தை வெளியிட்டு, ஜின்ஸ் ஷம்சுதீனை ஜெஃப்ரி ஜைன் என்னும் மிடுக்கான மலாய் உளவாளியாக நிறுத்தியிருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ வழியாக ஜெய்சங்கர் தமிழில் அதே மிடுக்கை எட்டியதும் 1966இல்தான் என்பதை இங்குச் சேர்த்து எண்ணலாம். பாண்டைப் போலவே நேர்த்தியாக இருந்துகாட்டுவது ஜெஃப்ரி ஜைனின் வழி. ‘மாட் தீகா சுக்கு’ (1964) முதல் தன் படவரிசையில் வெகுளியான கோமாளியாகவே தோன்றிவந்த மாட் செந்தோல் அந்த நேர்த்தியை ஏற்க மறுத்து, பாண்டின் வேடம் எல்லார்க்கும் இயல்பாகப் பொருந்துவதில்லை என்பதையே சிரிப்பாக்கினார். இவரைப் போலியின் போலி என்று ஒதுக்குவோர், மலாய்த் திரையில் சொந்த உளவாளி பிறந்த மறு ஆண்டே அவனைப் பார்த்துச் சிரிக்கும் துணிவும் பிறந்தது என்பதைக் கருதுவதில்லை. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபின், ஜொகூர் பாலத்துக்கு அப்பால் வேற்று நாடாகிவிட்ட மண்ணிலிருந்த கூடத்தில் உருவான படம் இது என்பதும் நினைவிற்குரியது. எந்த அரசின் ஒற்றன் என்ற கேள்வி அந்நாளில் எளிதான ஒன்றன்று.

மலாய்க்காரர் தம் மண்ணில் சிறுபான்மையினர் அல்லர், எனவே அமெரிக்க ஒப்பீடு பொருந்தாது எனலாம். ஒப்பீடு மக்கள்நிலை பற்றியதன்று, பகடியின் வடிவம் பற்றியது என்பதால் அவ்வாதம் இங்கு தடையாகாது. இதனினும் வலுவான குறை ‘அண்டர்கவர் பிரதர்’ படத்திற்குள்ளேயே உள்ளது. ஆன்டன் ஜாக்சனை மயக்கத்திலிருந்து மீட்பவள் ஆன்ஜனு எல்லிஸ் ஏற்ற சிஸ்டா கேர்ள். ஆயினும் கிளியோபாட்ரா ஜோன்ஸ் 1973இல் தனியாகவே வென்றெடுத்த நாயகியின் இடம் அவளுக்குத் திருப்பித் தரப்படவில்லை. வேடத்தின் விலையை அத்தனை நுட்பமாகக் கணக்கிட்ட படம், அதே நிறுவனத்துக்குள் ஒரு கறுப்பினப் பெண் வேடமிட்டு நுழைந்திருந்தால் அவள் என்ன விலை கொடுத்திருப்பாள் என்று கேட்கவே இல்லை. பகடி அரசியலை இழந்தது என்று வாதிடுவோர் மேயனைஸை விட்டுவிட்டு இந்த இடத்தில் நின்று வாதிட்டிருந்தால், அவர்களுக்கு மறுமொழி சொல்வது இவ்வளவு எளிதாக இருந்திராது.