மாட்டுவண்டிப் பந்தயத்தில் நேரக் கணக்கு: கம்பம் பள்ளத்தாக்கு

ஓடிய நேரத்தைத் தூரம், தரை, அன்றைய நிலைமை ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தி, வெவ்வேறு நாளில் வெவ்வேறு இடத்தில் ஓடிய விலங்குகளை ஒப்பிடத்தக்க எண்ணாக மாற்றும் முறை நேரக் கணக்கு எனப்படும். குதிரைப் பந்தயத்தில் வளர்ந்த இம்முறை, தேனி மாவட்டத்தில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்களில் நடக்கும் இரட்டை மாட்டுவண்டிப் பந்தயங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. கோயில் திருவிழாவை ஒட்டியும் அரசியல் தலைவர்களின் பிறந்தநாளிலும் நடக்கும் இப்பந்தயங்களின் முடிவு முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று வரிசையாகவே அறிவிக்கப்படுகிறது. எந்த ஜோடி முன்னே வந்தது என்பதை இந்த வரிசை சொல்லும்; எவ்வளவு திறமாக ஓடியது என்பதைச் சொல்லாது. எளிய போட்டியில் முதலாவதாக வந்த ஜோடியைவிட, கடும் போட்டியில் மூன்றாவதாக வந்த ஜோடி மேலானதாக இருக்கலாம். அடுத்த பெரிய பந்தயத்தில் எது தேறும் என்று கணிக்க விரும்புபவர் கையில் இப்போது இருப்பது நினைவும் பேச்சும் மட்டுமே.

குதிரைப் பந்தயமும் நெடுங்காலம் இந்த நிலையில்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் அட்மிரல் ரூஸ், குதிரையின் வயதுக்குத் தக்கபடி அது சுமக்கவேண்டிய எடையை வரையறுத்தார். அது போட்டியைச் சமப்படுத்த உதவியதே தவிர, வேகத்தை அளக்கவில்லை. நேரத்தை நம்பிக் குதிரையை மதிப்பிடும் வேலையை முறைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் ஃபில் புல். அவர் 1948இல் தொடங்கிய டைம்ஃபார்ம் நிறுவனத்தின் மதிப்பீடுகள் இன்றும் வெளிவருகின்றன. அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் 1975இல் எழுதிய நூல் இம்முறையைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தது. 1992 முதல் அவரது எண்கள் டெய்லி ரேஸிங் ஃபார்ம் இதழில் அச்சாகத் தொடங்கின. பேயர் முறைக்கு இரண்டு தூண்கள். குறுந்தூர ஓட்டத்தில் ஒரு வினாடி பிந்துவது பெருங்குறை, நெடுந்தூரத்தில் அதே வினாடி சிறுகுறை. ஆகவே நேரத்தைத் தூரத்துக்குத் தக்கபடி எடைபோட வேண்டும். அடுத்தது, அன்றைய தரையின் போக்கு. ஒரே நாளில் ஓடிய எல்லாப் பந்தயங்களிலும் வென்ற குதிரைகள் அந்தந்தத் தரத்துக்கு வழக்கமான நேரத்தைவிடப் பிந்தினால், பிந்தியது தரையால், குதிரையால் அன்று. அந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதே குதிரையின் எண். இந்தியாவில் இதற்கு மறைமுகமான சட்ட ஆதரவும் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 1974இல் இயற்றிய குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் சார்ந்ததன்று என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் திறனை ஆராய்ந்து அறிய முடியும் என்ற எண்ணமே அத்தீர்ப்புக்கு அடிப்படை.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய அடித்தளம் வகுப்புப் பிரிவிலேயே இருக்கிறது; ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான் எனப் பந்தய மாடுகள் பிரிக்கப்படுகின்றன. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துப் பந்தயங்கள் பலவற்றில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என இரண்டு மூன்று வகுப்போடு நின்றுவிடுவதுண்டு. சிறிய மாடுகளுக்கு இத்தனை நுட்பமான அடுக்குகளை வைத்திருப்பது தேனிப் பக்கத்தின் சிறப்பு. பிரிவு மாட்டின் உருவத்தைப் பொறுத்தது, இனத்தைப் பொறுத்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் மேய்ந்து வளரும் மலைமாடும், கிடைபோட்டு ஊர் ஊராக ஓட்டப்படும் புலிக்குளமும், கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் வளரும் காங்கேயமும் அளவு ஒத்தால் ஒரே கோட்டில் நிற்கலாம். மாட்டையே தெய்வமாக வணங்கும் நந்தகோபாலன் தொழுவம் கம்பத்தில் இருப்பதை நினைத்தால், மாட்டின் உருவத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. பெரிய மாட்டுக்கு அதிக மைல், சிட்டுகளுக்குக் குறைந்த மைல் என்று தூரமும் வகுப்புக்கு வகுப்பு மாறும். ரூஸ் எடையைக் கொண்டு செய்த சமப்படுத்தலை இங்கே அளவையும் மைலையும் கொண்டு செய்திருக்கிறார்கள். ஒரே வகுப்பில் வண்டிகள் மிகுந்துவிட்டால் இரண்டு பிரிவாக ஓடவிட்டுத் தனித்தனியே பரிசு கொடுப்பதும் உண்டு. அப்போது இரு பிரிவிலும் முதலாவதாக வந்த ஜோடிகளில் எது மேல் என்ற கேள்விக்கு இடவரிசையில் பதிலே கிடையாது. கடிகாரம் ஒன்றே அதற்குப் பதில் சொல்லும்.

கடிகாரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் ரேக்ளா எனப்படும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பல்லைப் பார்த்து இளங்காளைகளை 200 மீட்டரிலும் வளர்ந்தவற்றை 300 மீட்டரிலும் ஓடவிட்டு, குறைந்த நேரத்தில் கடந்த வண்டிக்குப் பரிசு தருகிறார்கள். அளந்த தூரம், நேரான ஓட்டம் என்பதால் அங்கே நேரமே தீர்ப்பு. ஆனால் அன்றைய தரையைக் கழிக்காமல் ஓர் ஊரின் நேரத்தை இன்னோர் ஊரின் நேரத்தோடு ஒப்பிட்டால் அங்கும் கணக்குத் தவறும். திருத்தாத நேரம் எவ்வளவு மயக்கும் என்பதற்குக் கர்நாடகத்தின் எருமை ஓட்டமான கம்பளா நல்ல சான்று. 2020 பிப்ரவரியில் தட்சிண கன்னடத்தில் சீனிவாச கௌடா எருமைகளோடு 142.5 மீட்டர் தூரத்தை 13.62 வினாடியில் கடந்தார். அதை வகுத்து 100 மீட்டருக்கு 9.55 வினாடி என்று கணக்கிட்டு, உசேன் போல்ட்டின் 9.58ஐ முறியடித்துவிட்டார் என்று நாடெங்கும் பேசினார்கள். எருமைகள் இழுத்துச் சென்ற வேகத்தையும், தொடக்கத்தில் வேகம் பிடிக்க ஆகும் நேரம் நீண்ட தூரத்தில் பரவிவிடுவதையும் அந்த வகுத்தல் கண்டுகொள்ளவில்லை. ஓட்டக்காரரின் திறமை மெய்யானது. அவர் மேல் ஏற்றிய எண்தான் பொய்யானது.

கம்பம் பள்ளத்தாக்கின் சாலை ரேக்ளாத் தடத்தைவிடச் சிக்கலானது. முல்லைப்பெரியாறு வடகிழக்காக இறங்கி ஓடுவதால், கூடலூரை நோக்கிப் போகும் வண்டிக்கு மொத்தத்தில் ஏற்றம், திரும்பும் வண்டிக்கு இறக்கம். போக, வர என இரண்டு வழியும் ஓடுவதால் கணக்கு நேராகிவிடும் என்பது சரியன்று. ஏற்றத்தில் இழந்த நேரம் முழுவதையும் களைத்த மாடு இறக்கத்தில் மீட்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்துக் காற்றும் அப்படியே. தூர அளவு இன்னும் முக்கியம். ஆறு மைல் என்பது 9,656 மீட்டர். அதில் 200 மீட்டர் கூடக்குறைய இருந்து, வண்டி 25 நிமிடத்தில் ஓடி முடிப்பதாகக் கொண்டால், பிழை அரை நிமிடத்தைத் தொடும். முதல் பரிசுக்கும் நான்காம் பரிசுக்கும் உள்ள இடைவெளியையே அது விழுங்கிவிடக்கூடும். எல்லை எனப்படும் திரும்புமிடத்தில் வண்டி திரும்பும்போது நுகத்தில் உட்புறமாக அமையும் மாடு காலைக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்ப, வெளிப்புற மாடு அகல வளைந்து ஓடியாக வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வண்டி நெருக்கினால் சாரதி கயிற்றை இழுத்துப் பிடிக்கத்தான் வேண்டும். ஆகவே ஓர் ஊரின் மொத்த நேரத்தை இன்னோர் ஊரின் மொத்த நேரத்தோடு ஒப்பிடுவது வீண். செய்யத்தக்கது வேறு. ஒரே நாளில் ஒரே சாலையில் பல வகுப்புகள் ஓடுவது இங்கே வழக்கம். நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு மூன்றிலும் வென்ற வண்டிகள் தத்தம் வகுப்பின் வழக்கமான வேகத்தைவிட நூற்றுக்கு மூன்று பங்கு மந்தமாக வந்தால், மாடுகள் எல்லாம் சேர்ந்து சோர்ந்தன என்று கொள்வதைவிடச் சாலையோ காற்றோ தூரமோ காரணம் என்று கொள்வதே பொருத்தம். அந்த மூன்று பங்கைக் கழித்துவிட்டால் எல்லா வகுப்புக்கும் பொதுவான தூரப் பிழையும் அதோடு கழிந்துவிடும். குதிரைப் பந்தயத்தில் பேயர் தேடிக் கண்ட வசதியை இங்கே வகுப்பு அடுக்கே தந்துவிடுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஜோடியைப் பற்றியது. குதிரை தனியே ஓடுகிறது, எண் அதற்கே உரியது. வண்டியில் இடத்தை மாடும் வலத்தை மாடும் சேர்ந்து இழுக்க, சாரதியும் துணைச் சாரதியும் ஓட்டுகிறார்கள். எண்ணை யார் கணக்கில் வைப்பது? ஜோடியின் கணக்கில் வைக்கவேண்டும் என்பதே விடை. மாடு கை மாறி, ஜோடியும் மாறும்போது, ஒரே மாடு இரண்டு துணையோடு ஓடிய எண்களை ஒப்பிட்டால் அதன் பங்கு மெல்லத் தெளியும். இதற்குப் பல ஓட்டங்கள் வேண்டும். ஒரே ஓட்டத்தை வைத்து முடிவுகட்டுபவர் குதிரைக் களத்திலும் ஏமாறுவார். முந்திப் போய் எல்லையைத் தொட்டுவிட்டு வரும்போது தளரும் ஜோடியையும், பின்தங்கிப் போய்க் கடைசி மைலில் முந்தும் ஜோடியையும் மொத்த நேரம் ஒன்றாகக் காட்டும் என்பது இரண்டாவது மறுப்பு. எல்லையைத் தொட்ட நேரத்தையும் தனியே குறித்துவிட்டால் இது தீரும். எண்ணைத் துரத்தினால் மாட்டை அடித்து விரட்டுவார்கள் என்ற அச்சம் மூன்றாவது. அடி விழுவது அந்த நேரத்து இடத்துக்காக, பின்னர் எழுதப்போகும் எண்ணுக்காக அன்று. ஒரு ஜோடியின் எண் தொடர்ந்து இறங்கிவருவதைக் கண்டால், அதற்கு ஓய்வோ லாடமோ மருத்துவமோ தேவை என்பது உரிமையாளருக்கு முன்கூட்டியே புலப்படும். மாட்டின் நலனுக்கு நேரக் கணக்கு துணையே செய்யும்.

உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பு சல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடுத்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. பந்தயங்கள் இப்போது நடக்கின்றன. வண்டிகளின் பின்னே இருசக்கர வாகனத்தில் போய் எடுக்கப்படும் காணொலிகள் இணையத்தில் ஏராளம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெட்டாமல் எடுத்தவற்றிலிருந்து நேரத்தைக் குறித்துக்கொள்ள முடியும்.