மினசோட்டா பன்முக ஆளுமை வினாநிரல்

மினசோட்டா பன்முக ஆளுமை வினாநிரல் (எம்.எம்.பி.ஐ.) என்பது ஆளுமைப் பண்புகளையும் உளநலக் கோளாறுகளின் அறிகுறிகளையும் மதிப்பிடும் உளவியல் சோதனை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டார்க் ஹாத்தவேயும் மருத்துவர் ஜே. சி. மெக்கின்லியும் இதை உருவாக்கினர். 1943இல் வெளியானது.

பின்னணி

முதல் உலகப் போர்க்காலத்தில் ராபர்ட் உட்வொர்த் படைவீரர்களுக்காக 116 ஆம்/இல்லை கேள்விகள் கொண்ட படிவத்தை உருவாக்கினார். அறிகுறிகளை அது நேரடியாகவே கேட்டது. நோயை மறைக்க நினைப்பவர் எளிதில் மறைத்துவிடலாம்.

உருவாக்கிய முறை

ஹாத்தவேயும் மெக்கின்லியும் வேறு வழியை நாடினர். நூற்றுக்கணக்கான கூற்றுகளைத் திரட்டி, நோய் கண்டறியப்பட்டவர்களிடமும் மருத்துவமனைக்கு வந்த பார்வையாளர்களிடமும் கொடுத்து, சரியா தவறா என்று கேட்டனர். இரு குழுவினரும் எந்தக் கூற்றுகளுக்கு மாறுபட்டு விடையளித்தார்களோ அவையே அந்தந்த நோய்க்கான அளவுகோலில் இடம்பெற்றன. ஆகவே ஒரு கூற்று எதைப் பற்றியது என்பதைவிட, அதற்கு யார் எப்படி விடையளிக்கிறார்கள் என்பதே இங்கு முக்கியம். மனச்சோர்வு, ஹிஸ்டீரியா, மனச்சிதைவு உள்ளிட்ட பத்து அடிப்படை அளவுகோல்கள் இச்சோதனையில் உள்ளன.

விடைகளைச் சோதித்தல்

விடையளிப்பவர் எந்த மனநிலையில் பதில் சொல்கிறார் என்பதையும் இச்சோதனை அளக்கிறது. எல்லோரிடமும் உள்ள சிறு குறைகளைக்கூட மறுப்பவரை ‘எல்’ அளவுகோல் காட்டும். மிக அரிதாகவே ஒப்புக்கொள்ளப்படும் கூற்றுகள் ‘எஃப்’ அளவுகோலில் உள்ளன; அதில் மதிப்பெண் உயர்ந்தால் மிகைப்படுத்தலோ, படிக்காமல் குறித்ததோ, கடும் உளப் பாதிப்போ காரணமாகலாம். நுட்பமான தற்காப்பை ‘கே’ அளவுகோல் காட்டுகிறது.

மதிப்பெண்ணும் திருத்தங்களும்

விடைகள் சராசரி 50, திட்டவிலக்கம் 10 கொண்ட டி-மதிப்பெண்களாக மாற்றப்படும். முதற்பதிப்பின் ஒப்பீட்டுக் குழுவில் பெரும்பாலும் மினசோட்டா வெள்ளையர்களே இருந்தனர். இக்குறையைக் களைய, பல மாநிலங்களைச் சேர்ந்த 2,600 பேரை ஒப்பீட்டுக் குழுவாகக் கொண்டு 1989இல் 567 கூற்றுகளுடன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் 65 அல்லது அதற்கு மேற்பட்ட டி-மதிப்பெண் மருத்துவக் கவனத்துக்கு உரியது. வளரிளம் பருவத்தினருக்கான பதிப்பு 1992இலும், 335 கூற்றுகள் கொண்ட மூன்றாம் பதிப்பு 2020இலும் வெளியாயின.

வரம்புகள்

ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு குறிப்பிட்ட மக்கள் குழுவோடு செய்யும் ஒப்பீடே. எனவே இதை வேறு சமூகத்தில் பயன்படுத்த மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. அச்சமூகத்துக்குரிய ஒப்பீட்டு மதிப்புகளும் தேவை. நேர்காணலும் வாழ்க்கை வரலாறும் இல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு நோயை முடிவுசெய்வது தவறு. வேலைவாய்ப்பில் இதைப் பயன்படுத்துவதற்கும் எல்லை உண்டு: பதவி உயர்வுக்காக ஊழியர்களிடம் நடத்தப்பட்ட இச்சோதனை, சட்டம் கட்டுப்படுத்தும் மருத்துவப் பரிசோதனையே என்று 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.