விண்மீனை அணுகிய கோள்கள்: ஒரு முன்னறிவிப்பின் வரலாறு

1952 ஆம் ஆண்டு ஒக்டோபரில், இங்கிலாந்தின் வானியல் இதழொன்றில், இரண்டு பக்கத்தையும் நிரப்பாத ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் ஓட்டோ ஸ்துரூவே. வானியலையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில், கார்க்கோவ் நகரில், 1897 இற் பிறந்த இவர், உருசிய உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற படையிலிருந்து துருக்கிக்குத் தப்பி, 1921 இல் அமெரிக்கா சேர்ந்து, யேர்க்கிசு அவதான நிலையத்தின் தலைமையை எய்தியவர்.

பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டெனக் கருதியோர் அக்காலத்திற் பலர். ஆயினும், வியாழன் ஞாயிற்றுக்குத் தொலைவில் நின்று 12 ஆண்டுகளுக்கொருமுறை சுற்றிவரக் கண்டு பழகிய அவர்கள், ஏனைப் பெருங்கோள்களும் அவ்வாறே அமையுமெனக் கொண்டனர். ஸ்துரூவே அங்ஙனம் கொண்டிலர். இரு விண்மீன்கள் மிக அணுகி ஒன்றையொன்று சுற்றுதல் கண்கூடாயிருக்க, பெருங்கோளொன்று தன் விண்மீனிலிருந்து, பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஐம்பதிலொரு பங்கில் நின்று, ஒரே நாளிற் சுற்றுதற்குத் தடை யாது என வினவினார். அக்கோள் வியாழனிற் பதின்மடங்கு நிறையுடையதாயின், அதன் ஈர்ப்பால் விண்மீன் செக்கனுக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் முன்னும் பின்னும் அசையும். அவ்வசைவால் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்தலை அன்றைய கருவிகளே காட்டவல்லன என்றார். கோள் விண்மீனின் முகத்தைக் கடக்குங்கால் ஒளி ஐம்பதிலொரு பங்கு குறையும் என்பதும் அவர் கணிப்பு.

நாற்பதாண்டுகளுக்கு மேலாக அக்கட்டுரை பொருட்படுத்தப்படவில்லை. கனேடிய அறிஞர் சிலர் 21 விண்மீன்களை 12 ஆண்டுகள் நுணுகி நோக்கி, வியாழனையொத்த கோள் எதுவும் தென்படவில்லை என 1995 இல் அறிவித்தனர். கலிபோர்ணியக் குழுவொன்று 1987 முதல் திரட்டிய அவதானங்களிற் பெரும்பகுதி கணிக்கப்படாமலே கிடந்தது. பல்லாண்டுக்கொருமுறை சுற்றும் கோளைத் தேடுவார்க்கு அவசரம் ஏது?

1995 ஒக்டோபர் 6 ஆம் நாள், புளோரன்சு மாநாட்டில், ஜெனீவாவைச் சேர்ந்த மிசேல் மேயரும் அவர்தம் மாணாக்கர் டிடியே கெலோவும், பெகாசசு உடுத்தொகுதியின் 51 ஆம் விண்மீனுக்கு ஒரு கோள் உண்டென அறிவித்தனர். அதன் நிறை வியாழனிற் பாதியளவு. அதன் ஆண்டோ நமது 4 நாள்களிற் சற்றே மிகுந்தது. ஞாயிற்றிலிருந்து புதன் நிற்குந் தூரத்தில் ஏழிலொரு பங்கில் அது தன் விண்மீனைச் சுற்றுகின்றது. விண்மீனின் அசைவு செக்கனுக்கு 60 மீற்றரிலுங் குறைவு. கலிபோர்ணியக் குழுவினர் சில நாள்களில் இதனை உறுதிசெய்து, கிடப்பிலிருந்த அவதானங்களைக் கணிக்க விரைந்தனர். மேயரும் கெலோவும் 2019 இல் நோபெற் பரிசிற் பங்கு பெற்றனர்.

ஸ்துரூவேயின் சொல்லை அன்றே கேட்டிருப்பின் நாற்பதாண்டு மிச்சமாகியிருக்கும் என்பது மிகையாகும். ஞாயிற்றையொத்த விண்மீன்களுள் நூற்றில் ஏறத்தாழ ஒன்றே இத்தகைய பெருங்கோளை அருகிற் கொண்டுள்ளது. அவற்றுள்ளும் வியாழனிற் பதின்மடங்கு நிறையுடையன மிக அரியன. அக்காலக் கருவிகொண்டு தேடியோர் வெறுங்கையராய் மீண்டிருத்தலுங் கூடும். எனினும், நுண்கருவி கைவந்த பின்னரும் குறுங்காலச் சுற்றை நாடாது விட்டமைக்கு இச்சமாதானம் பொருந்தாது. தொலைவில் உருவாகும் கோள், தன்னைச் சூழ்ந்த வாயுத் தட்டின் ஈர்ப்பால் இடம்பெயரக்கூடும் என்பதைக் கோல்ட்ரைக்கு, திரெமெயின் ஆகியோர் 1980 இலேயே கணித்துக் காட்டியிருந்தனர்.

ஸ்துரூவே 1963 இற் காலமானார். அவர் கூறிய ஒளிக்குறைவு, பெகாசசுத் தொகுதியிலேயே உள்ள மற்றொரு விண்மீனில் 1999 இல் முதன்முதலாக அளக்கப்பட்டது. குறைந்த ஒளி ஏறத்தாழ அறுபதிலொரு பங்கு.